மேலத் தெருவில் குரல் கொடுத்தவர்கள்

விளாங்குடி
பிப்ரவரி 4

மதினிக்கு,

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் எண் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அழைத்தால் எடுக்க மாட்டீர்கள் என்பதால் அழைக்கவில்லை. முனியாண்டி கோவில் வாசலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இவகூட இனி வாய் தொறந்து பேசமாட்டேன், இவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று நீங்கள் சொன்னபோது நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். உங்கள் கையில் கரி ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு ஊரில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

முனீஸ்வரி ஜினோவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தான். உங்கள் மகள் என்னிடம் வந்து, "அத்தை, நீங்க போடலேன்னா வேற யாரையாச்சும் கூட்டிட்டு வருவான்" என்றாள். யாரோ ஒருவர் போடுவதற்கு நான் போடுகிறேன் என்று போட்டேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எழுதுவது வேறு காரியமாக. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலையில் எனக்கு மேலக்கரைப்பட்டியை ஒதுக்கியிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. போன ஜூனில் திருவாதவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. பள்ளிக்குப் பக்கத்து ஊர்களை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பட்டியலில் நம் ஊர்ப் பெயருக்கு நேரே என் பெயர் இருந்தது.

இங்கே விளாங்குடியில் நான் குடிவந்தபோது எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள். அப்போது வயலாக இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. தெருவில் எதிரே வருகிறவர் யாரென்று தெரியாது. பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்பதை வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் ஊகிக்கிறேன். சில நாள் ஏழு ஜோடி, சில நாள் இரண்டு. யாரும் வந்ததாகவோ போனதாகவோ சத்தமே கேட்பதில்லை.

பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். உங்கள் வீட்டிலும் கேட்டாக வேண்டும். நீங்கள் பேச வேண்டாம். விவரத்தை ஒரு தாளில் எழுதி வாசலில் கல்லுக்கு அடியில் வைத்துவிடுங்கள். எடுத்துக்கொள்கிறேன்.

சுபலட்சுமி


மேலக்கரைப்பட்டி
பிப்ரவரி 8

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சூடம் அடித்தது வாய்க்குத்தான், கைக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் பன்னிரண்டு மணி பஸ் கண்டக்டர் பீமாராவிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். "ஆளாளுக்குக் கையில போனு வச்சிருக்கீக, என்னையத் தபால்காரனாக்கிட்டீக" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஊரில் அறுபத்திரண்டு வாசல். ஆள் இருப்பது இருபத்தேழில். மீதி முப்பத்தைந்து வீட்டுச் சாவியும் என்னிடம் இருக்கிறது. உங்கள் அம்மா வீட்டுச் சாவியும் சேர்த்துத்தான். உங்கள் அண்ணன் அசோக்குமார் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாகத் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டுகிறேன். கொடுக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "ரெண்டு மாசத்துல வந்துருவோம் மதினி." ஒருவர்கூடப் போறேன் என்று சொல்லவில்லை. வாரேன் என்றுதான் சொன்னார்கள். சாவியைக் கையில் வைத்திருப்பவளுக்கு அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அங்கன்வாடியில் கடைசியாக இருந்த ஒரு பிள்ளையும் ஜூனில் அப்பன் ஆத்தாளோடு திருப்பூருக்குப் போய்விட்டது. மையத்தைப் பக்கத்து ஊரோடு சேர்க்கப் போகிறார்களாம். அதுவரைக்கும் ஒன்பது மணிக்குத் திறந்து வைக்க வேண்டும். திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளை எடை போடும் தராசுத் தொட்டில் உத்தரத்தில் தொங்குகிறது. காற்று இல்லாத நேரத்திலும் முள் சில சமயம் கொஞ்சம் நகர்ந்து நிற்கும். என்ன எடை என்று பார்க்க நான் எழுந்து போவதில்லை.

ஒரு விவரம் கேட்க வேண்டும். எத்தனை நாள் இருந்தால் ஒருவரை இந்த ஊர் ஆள் என்று எழுதுவீர்கள்? அதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா?

தாளெல்லாம் வைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர். அப்படித்தான் எழுத வேண்டும்.

பாண்டீஸ்வரி


விளாங்குடி
பிப்ரவரி 14

மதினிக்கு,

நேற்று வந்துவிட்டுத் திரும்பினேன். உங்களைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அதனால் காலையிலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். இந்த இருபது நாளில் ஒரு நாள் அந்த வீட்டில் இருந்தாலும் போதும். ஆனால் அவர்களுக்கு அதுதான் வீடாக இருக்க வேண்டும். விருந்தாளியாக வந்துபோகிறவரை எழுதக் கூடாது. இருபத்தெட்டாம் தேதி நள்ளிரவு வரைக்கும் கணக்கு. அதற்குப் பிறகு ஐந்து நாள், விட்டுப்போனதைச் சரிபார்க்க மறுபடி ஒரு சுற்று.

காலையில் கீழத் தெருவையும் கோவில் தெருவையும் முடித்தேன். எல்லோரையும் முகம் பார்த்து எழுதினேன். இந்த வீட்டில் ஓராண்டுக்குள் குழந்தை பிறந்ததா என்று கேட்டால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. அழகம்மாள் பெரியம்மா, "ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, எழுதிக்கிறியாத்தா?" என்றார். நானும் சிரித்தேன். அடுத்த வீட்டில் அதே கேள்வியைக் கேட்டபோது சிரிக்க முடியவில்லை.

ஒரு மணிக்கு மேலத் தெருவுக்குள் நுழைந்தேன். கண்மாய்த் தண்ணீரில் விழுந்த வெயில் சுவர்களில் நெளிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு கோழி இல்லை. ஆனால் வாசல்தோறும் கோலம். கதவுகளில் பூட்டு இல்லை. மாசிக் களரித் திருவிழாவுக்கு எல்லோரும் முன்னாலேயே வந்து வீட்டை ஒழுங்கு செய்கிறார்கள் என்று நினைத்தேன். மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

முதல் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து பேயாண்டி மாமா இருமிக்கொண்டே, "யாரு, அசோக்கு தங்கச்சியா? எழுதிக்க, நாலு பேரு" என்றார். அடுத்த வீட்டில் கனகலட்சுமி அக்கா. "குளிச்சிக்கிட்டிருக்கேன்டி, அங்கிட்டு நின்னே கேளு" என்றார். நம் ஊரில் உச்சி வெயிலில் யாரும் வாசலுக்கு வந்து பதில் சொல்வதில்லையே. குரலே ஆள். பத்து வீட்டிலும் அப்படியே கேட்டேன், எழுதினேன். முப்பத்துநாலு பேர். அங்கே போனில் பதியச் சிக்னல் இல்லை, அதனால் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் வீடு. அங்கேயும் கோலம், அங்கேயும் பூட்டு இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை, சும்மா நின்றேன். உள்ளேயிருந்து, "யாரது, இந்த வெயில்ல?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா இறந்து எட்டு வருடம்.

நான் அப்படியே திரும்பிவிட்டேன். எதிரே உங்கள் வீடு. கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. வாசப்படி மிதிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் தெருவில் நின்றபடியே, கணக்கெடுப்புக்கு வந்திருக்கேன் என்றேன். "அத்தை, அங்கேயே நில்லுங்க, எழுதிக்கங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. எழுதினேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது.

மதினி, முனீஸ்வரி வந்துவிட்டாளா? எப்போது வந்தாள்? மூன்று வருடமாக நான் வேறொன்றை நம்பிக்கொண்டிருக்கிறேன். அது பொய் என்றால் எனக்கு இதைவிட வேறு எதுவும் வேண்டாம். அவளை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

சுபலட்சுமி


விளாங்குடி
பிப்ரவரி 19

மதினிக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

நேற்று எங்கள் மேற்பார்வையாளர் முத்துக்குமரன் சார் மேலத் தெருவைச் சரிபார்க்கப் போனார். திரும்பி வந்து என் மேசைமேல் கைபேசியை வைத்தார். பத்துப் புகைப்படங்கள். பத்துக் கதவுகள். பத்துப் பூட்டுகள். அழிந்தும் அழியாமலும் பழைய கோலம். அவர் அதிர்ந்து பேசுகிற மனிதர் இல்லை. "டீச்சர், பூட்டுக்கிட்டயா பேரு கேட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேயாண்டி மாமா நாலு வருடமாகத் திருப்பூரில் மகன் வீட்டில் படுக்கையில் இருக்கிறாராம். கனகலட்சுமி அக்கா சென்னையில். வெளியூர் ஆசிரியர் யாராவது வந்திருந்தால், ஆளை வெளியே வரச் சொல்லி முகம் பார்த்து எழுதியிருப்பார். குரலை அடையாளம் தெரிந்தவள் நான். அதனால்தான் ஏமாந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னைவிட மூன்று வகுப்பு மேலே. தலைமை ஆசிரியர் குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டு, எங்கள் வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்க வைத்தது யார்? பிறகு வளர்ந்து என் பெரியப்பா மகனை, இப்போது உயிரோடு இல்லாத அந்த அண்ணனை, கட்டிக்கொண்டு எனக்கு மதினியாக வந்தபோதும், கல்யாண வீட்டில் மாமியார் குரலில் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். சாவியும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கொல்லைப்புறமாக ஒவ்வொரு வீடாக நுழைந்து வந்திருக்கிறீர்கள். பத்து வீட்டையும் பொறுத்துக்கொள்கிறேன். அம்மா குரலைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் முனீஸ்வரி குரலில் நீங்கள் எனக்குப் பதில் சொல்லியிருக்கக் கூடாது.

இதை நேரில் சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது. மூன்று வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம், ஜினோ ஓசூரிலிருந்து அழைத்தான்.  "முனீஸ்வரி போயிட்டா டீச்சர். பிரசவத்துல" என்றான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.  போனை வைத்துவிட்டேன். பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தேன், கிடைக்கவில்லை. உங்களிடம் எப்படிச் சொல்வது? உங்கள் வாசலுக்கு வந்தால் நீங்கள் பேச மாட்டீர்கள். எழுதலாம் என்று மூன்று முறை தாளை எடுத்தேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

நீங்கள் எதுவும் தெரியாமல் அவள் குரலில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவள் இல்லை மதினி. பத்து வீட்டையும் அடித்துவிட்டு, பூட்டிய வீடு என்று எழுதப் போகிறேன். உங்கள் வீட்டில் ஒரு ஆள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சுபலட்சுமி


மேலக்கரைப்பட்டி
பிப்ரவரி 22

சுபா,

எனக்குத் தெரியும்.

நீ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இருந்தேனா? நம் ஊர் பால்பாண்டி ஓசூரில் லாரி ஓட்டுகிறான். அந்த மாதமே வந்து கண்மாய்க் கரையில் என்னை நிறுத்தி, பிரசவத்தில் போய்விட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். ஊருக்கு அவள் இன்னும் ஓசூரில் இருக்கிறாள். நான் கருமாதி செய்யவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. எரித்த இடமும் எனக்குத் தெரியாது. எந்தத் தாளிலும் அவள் என்னோடு இருந்ததாக இல்லை. ரேஷன் கார்டில் நானே கோபத்தில் அவள் பெயரை எடுக்கச் சொன்னேன். அதனால்தான் கணக்கு வருகிறது என்றதும், ஒரு இடத்திலாவது அவள் இந்த வீட்டு ஆள் என்று எழுதிக்கொள்ளட்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் இல்லை. மையத்தை மூடுவதை நிறுத்தவோ ஊருக்கு வரும் பஸ் நின்றுபோகாமல் பார்க்கவோ இல்லை. பத்து வீட்டையும் சேர்த்துச் செய்தது, ஒரு வீட்டை மட்டும் செய்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பதால்.

பத்து வீட்டிலும் பேசியது நான்தான். காலையிலேயே பூட்டுகளை எடுத்துவிட்டுக் கோலம் போட்டேன். நீ வாசல் வாசலாக வந்தபோது நான் கொல்லை கொல்லையாக வந்தேன். முள்ளில் சேலை கிழிந்தது. பேயாண்டி மாமா இருமலுக்குத் தொண்டை இன்னும் வலிக்கிறது. அது என் குரல் இல்லை, அதனால் சூடத்துக்கும் கெடுதல் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் அம்மா குரல் வேண்டுமென்று செய்யவில்லை. உன் வீட்டில் புகுந்து, எதிரே என் வீட்டுக்கு ஓடுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்து கேள்வி கேட்காமல் சும்மா நின்றாய். தோள் இரண்டும் தொங்கிப்போய். அதைப் பார்த்ததும் அது வாயில் வந்துவிட்டது. அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி.

நீ திரும்பி என் வீட்டுப் பக்கம் போனபோது நான் உன் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். உன்னைத் தாண்டித் தெருவைக் கடக்க எனக்கு வழியில்லை. மாட்டிக்கொண்டேன். எல்லாம் வீணாகப் போச்சு என்று நினைத்தேன். என் வீட்டை நான் காலையில் நாதாங்கி போட்டுவிட்டுத்தான் வந்தேன். நீ தெருவில் நின்று ஏதோ சொன்னாய். தலையை ஆட்டினாய். எழுதினாய். மறுபடி கேட்டாய். எழுதினாய். கால் மணி நேரம் நின்றாய். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் உதடு அசைவது தெரிந்தது. அங்கிருந்து எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நீ போன பிறகு ஓடிவந்து பார்த்தேன். நாதாங்கி கீழே தொங்கியது. உள்ளே ஒருவரும் இல்லை. அடுப்படியில் குடிதண்ணீர்ச் செம்பு மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. நான் செம்பைக் கவிழ்ப்பதில்லை. அவள்தான் கவிழ்ப்பாள்.

என் வீட்டில் நான் பேசவில்லை சுபா.

பத்து வீட்டையும் அடித்துக்கொள். ஒரு ஆள் என்றே எழுதிக்கொள். அதைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. நீ கேட்டதையும் அவள் சொன்னதையும் ஒரு சொல்கூட விடாமல் எழுது. உனக்கு அழகாக வர வேண்டும் என்று எதையும் மாற்றாதே.

பாண்டீஸ்வரி


விளாங்குடி
பிப்ரவரி 26

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளி வாசலிலேயே நின்று படித்தேன். பீமாராவ் அண்ணன், "என்ன டீச்சர், கெட்ட சேதியா?" என்று கேட்டார். கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். எதையும் மாற்றவில்லை.

பேரு என்னம்மா என்றேன். "முனீஸ்வரி." வயது? "இருபத்தாறு இருக்கும் அத்தை." படிப்பு? "பிளஸ் டூ. உங்களுக்குத் தெரியாதா?" எங்கே பிறந்தாய்? "இங்கதான்." வேறு ஊரில் இருந்துவிட்டு வந்தாயா? "ஆமா, ஓசூர்ல." ஏன் வந்தாய்? இது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. வேலை, திருமணம், படிப்பு என்று ஒன்றைக் குறிக்க வேண்டும்.  "அம்மா தனியா இருக்கு" என்றாள். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பிள்ளை எத்தனை பிறந்தது என்று கேட்டேன். "ஒன்னு." இப்போது எத்தனை இருக்கிறது? "ஒன்னு."

அதற்குப் பிறகு அவள் ஒன்று சொன்னாள். அதை நான் நோட்டில் எழுதவில்லை. முந்தைய கடிதங்களிலும் எழுதவில்லை. "அத்தை, இதை நீங்க அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல" என்றாள். என்றைக்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வெயிலில் நிற்கவைத்ததைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. இந்த மாதம் எத்தனையோ பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். பிள்ளை எத்தனை பிறந்தது, எத்தனை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஜினோ பிரசவத்தில் போய்விட்டாள் என்று சொன்னபோது நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, அதுவும் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நேற்று பசுமலைக்குப் போனேன். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அன்று கொடுத்த நகலில் ஜினோ வீட்டு விலாசம் இருந்தது. அவன் அப்பா லாசர், மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. யார் என்று நான் கேட்கவே இல்லை. அந்த நெற்றியை நீங்கள் பார்த்தால் தெரியும்.

பெயர் ஜெனிஷா. அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. உங்களுக்குச் சொல்லி அனுப்பாதது ஏன் என்று கேட்டேன். "அவங்க எங்க மூஞ்சியவே பாக்கமாட்டாங்கன்னு உங்க ஊர்ல சொன்னாங்கம்மா. பயமா இருந்துச்சு" என்றார். ஜினோ குவைத்துக்குப் போய் இரண்டு வருடமாகிறது. லாசரின் மனைவி பாக்கியத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது; வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஜூனில் ஒரு விடுதியில் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. டாக்டர் காதில் கோளாறு இல்லை என்றாராம். பாக்கியம் படுத்தபடியே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு வார்த்தை பேசாது டீச்சர். ரெண்டு வாரத்துக்கு முன்ன சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிஞ்சு தூங்கிக்கிட்டிருந்த பிள்ளை எந்திரிச்சு உக்காந்து, செவுத்தைப் பாத்து 'ஒன்னு'ன்னுச்சு. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தடவ 'ஒன்னு'. அம்புட்டுத்தான். யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல."

நான் அன்றைய தேதியைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தேவையில்லை.

பத்து வீட்டையும் பூட்டிய வீடு என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டை இன்னும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு வரைக்கும் கணக்கு என்று எழுதியிருந்தேன் அல்லவா. விருந்தாளியாக வந்தால் எழுத முடியாது. இனி அதுதான் அவள் வீடு என்றால் எழுதலாம். ஜினோவிடம் போனில் கேட்டுவிட்டு லாசர் சம்மதித்துவிட்டார், அழுதுகொண்டேதான் சம்மதித்தார். மாதம் ஒரு முறை வந்து பார்ப்பேன் என்றார். அவர்கள் பெயரையும் மதத்தையும் அந்தக் குழந்தையிடமிருந்து எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அது நியாயம்.

உங்களுக்குச் சம்மதமென்றால் பீமாராவ் அண்ணனிடம் ஒரு வரி கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றாலும் கொடுத்துவிடுங்கள். இந்த முறை நானாக எதையும் முடிவு செய்துகொள்ள மாட்டேன்.

சுபலட்சுமி


மேலக்கரைப்பட்டி
பிப்ரவரி 27

கூட்டிக்கொண்டு வா.

பாண்டீஸ்வரி


மேலக்கரைப்பட்டி
மார்ச் 1

சுபா,

நேற்று நீ தெருவிலேயே நின்றாய். லாசர் அண்ணன் பிள்ளையைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். வீட்டில் எத்தனை பேர் என்று நோட்டை வைத்துக்கொண்டு கேட்டாய். நான் சூடத்தை நினைத்து வாயைத் திறக்கவில்லை, இரண்டு விரலைக் காட்டினேன். நீ எழுதினாய். அழுதுகொண்டே எழுதினாய் என்பதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். லாசர் அண்ணன் பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவரிடம் நான் பேசினேன். "இது உங்க வீடு மாதிரி, எப்ப வேணாலும் வாங்கண்ணே" என்றேன். அவரோடு எனக்குச் சத்தியம் எதுவும் இல்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

பிள்ளை அழவில்லை. புது இடம் என்று தயங்கவும் இல்லை. நான் கூப்பிடாமலே நேராக உள்ளே போனாள். இருட்டாக இருக்கிற உள் அறைக்குள் போய் நின்றாள். முனீஸ்வரி பாய் விரித்துப் படுக்கிற மூலையில். அங்கே யாரையோ பார்ப்பது போலக் கழுத்தைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். அம்மாதான் சொல்லி அனுப்பியது போல உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தராசுத் தொட்டிலில் உட்கார வைத்தேன். பதினொன்றரைக் கிலோ. பதிவேட்டில் எட்டு மாதமாக வெறுமையாகக் கிடந்த பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். முள் அசையாமல் நின்றது. இப்போதும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நிற்கிறது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, சோறு வடித்து, இரண்டு தட்டு வைத்தேன். பிள்ளை எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் எங்கே தட்டு வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு யார் காட்டியது என்று தெரியாது. மூன்றாவது தட்டு ஒன்றை எடுத்துவந்து, எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தாள். "ஒன்னு" என்று என்னைக் காட்டினாள். "ரெண்டு" என்று தன்னைக் காட்டினாள். மூன்றாவதைச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அதை எடுக்கவில்லை. ஒரு கரண்டி சோறு வைத்தேன்.

காலையில் எழுந்தபோது அடுப்படியில் செம்பு கவிழ்ந்திருந்தது.

ஐந்தாம் தேதிக்குள் சரிபார்க்கும் சுற்றுக்கு வருவாய் அல்லவா. எங்கள் வீட்டில் திருத்தம் எதுவும் இல்லை. இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறாய், அது அப்படியே இருக்கட்டும். உங்கள் சட்டத்துக்கு அவ்வளவுதான் முடியும் என்று எனக்குப் புரிகிறது.

நேற்று இராத்திரியே முனியாண்டி கோவிலுக்குப் போய் இன்னொரு சூடம் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். அடிக்கவில்லை. தானாக எரிந்து அணையும்வரை பிள்ளையும் நானும் நின்றோம்.

அதனால் வரும்போது தெருவில் நிற்காதே. குரல் கொடு. யார் பதில் சொன்னாலும் சரி, உள்ளே வா.

உன் மதினி,
பாண்டீஸ்வரி